பாடி ஒண்ணு, இன்ஜின் வேற: மதுரைப் பக்கம் இன்ஜின் மாத்துன கதை

"பாடி ஜீப்பு, இன்ஜின் மட்டாடர்." மதுரை, திருமங்கலம், உசிலம்பட்டி பக்கத்துல பழைய வண்டி பேரம் பேசுற இடத்துல நின்னிருந்தா இந்த மாதிரி ஒரு வாக்கியம் உங்க காதுலயும் விழுந்திருக்கும். வெளியூர்க்காரங்களுக்கு இது ஏதோ கலப்படம் மாதிரி தெரியும். வாங்குறவருக்கு அது ஒரு சிபாரிசு. "மட்டாடர் இன்ஜின் ஏத்தியிருக்கா? அப்ப சரி, ஓடும்" அப்படிங்கிற நம்பிக்கை.

நம்ம ஊர்ல மோட்டார் வண்டி சரித்திரம்னு யாராவது எழுதினா கம்பெனி பேரு, முதலாளி பேரு, எந்த வருஷம் எந்த மாடல் வந்துச்சுன்னு எழுதுவாங்க. பட்டறையில நடந்தது அதுல வராது. ஆனா ஒரு வண்டி அம்பது வருஷம் ஓடியிருக்குன்னா, அதுல பாதிக் காலம் கம்பெனி போட்ட இன்ஜின் இல்லாமத்தான் ஓடியிருக்கும். அந்தக் கதையைத்தான் இங்க எழுதறேன். கொஞ்சம் நீளம், டீ வாங்கி வச்சுக்கிட்டு உக்காருங்க :-)

கரி பஸ்

மதுரையில மோட்டார் கதையை டி.வி.எஸ். இல்லாம ஆரம்பிக்க முடியாது. திருக்குறுங்குடியில 1877ல பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார், வக்கீல், ரயில்வே, பேங்க்னு பல வேலை பாத்துட்டு, கடைசியில பஸ் விட வந்தவர். 1910களோட தொடக்கத்துலயே பஸ் விட ஆரம்பிச்சுட்டார். அப்புறம் சதர்ன் ரோட்வேஸ்ங்கிற பேர்ல பஸ்ஸும் லாரியுமா பெருசா வளர்ந்துச்சு. 1972ல அரசாங்கம் பஸ்ஸை எடுத்துக்கிட்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆக்குற வரைக்கும் மதுரை மக்களுக்கு பஸ்னாலே டி.வி.எஸ். பஸ்தான்.

இரண்டாம் உலகப் போர் வந்தப்ப பெட்ரோல் கெடைக்கல. 1941ல ரேஷன் வந்துருச்சு. 1942ல பர்மாவை ஜப்பான்காரன் பிடிச்சதும் அங்க இருந்து வந்த எண்ணெயும் நின்னு போச்சு. பஸ் முதலாளிங்க முன்னாடி ரெண்டே வழி. வண்டியை செட்ல நிறுத்தணும், இல்லைன்னா வேற எதையாவது எரிச்சு ஓட்டணும். அப்ப டி.வி.எஸ். தயாரிச்சதுதான் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்'. நம்ம தாத்தாக்கள் வாயில அது 'கரி பஸ்'.

இது எப்படி வேலை செஞ்சுச்சுன்னு சொல்லிடறேன், ஏன்னா பின்னாடி வர்ற எல்லா மாத்து வேலைக்கும் இதுதான் முன்னோடி. வண்டியில ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை. அதுல அடுப்புக்கரி. காத்து தாராளமா போனா கரி முழுசா எரிஞ்சு சாம்பலாகிடும். காத்தைக் குறைச்சு விட்டா கரி அரைகுறையா எரிஞ்சு கார்பன் மோனாக்சைடு வரும். அது எரியக்கூடிய வாயு. அதைக் குழாய் வழியா கொண்டு வந்து, ஆற வச்சு, தூசி வடிகட்டி, காத்தோட கலந்து இன்ஜினுக்குள்ள விடணும். இன்ஜின் அதே பெட்ரோல் இன்ஜின்தான், ஸ்பார்க் பிளக் அப்படியே இருக்கும். சாப்பாடு மட்டும்தான் வேற.

காலையில வண்டி கெளம்பறதுக்கு முன்னாடி கிளீனர் பையன் வந்து அடுப்பு மூட்டி, கையால ஊதுகாத்தாடி சுத்தி, வாயு வர்ற வரைக்கும் காத்திருக்கணும். பெட்ரோல்ல ஓடுற பலம் இதுல வராது. மேட்டுல ஏறாம வண்டி நின்னா ஆளுங்க எறங்கித் தள்ளுவாங்க. "தள்ளுறதுக்கும் சேத்துதான் டிக்கெட்"னு பெரியவங்க சிரிச்சுக்கிட்டே சொல்லிக் கேட்டிருக்கேன்.

ஆனா கவனிக்க வேண்டிய விஷயம் இது. வண்டி இருக்கு, ரோடு இருக்கு, ஏற ஆள் இருக்கு, எரிபொருள் மட்டும் இல்லை. அதுக்காக வண்டியைத் தூக்கிப் போடல. வண்டிய மாத்துனாங்க. இந்தப் புத்தி அதோட நிக்கல.

போர் முடிஞ்சப்ப வந்த வண்டிங்க

போர் முடிஞ்சதும் ராணுவம் விட்டுட்டுப் போன போர்டு, செவர்லே, டாட்ஜ் லாரிகளும், வில்லிஸ் ஜீப்பும் ஏலத்துல வெளிய வந்துச்சு. 'டிஸ்போசல் வண்டி'ம்பாங்க. சேஸ் நல்ல கனமான இரும்பு. ஆனா எல்லாமே பெட்ரோல். போர்க்காலத்துல பெட்ரோல் செலவைப் பத்தி ராணுவத்துக்குக் கவலை இல்லை. நெல் மூட்டை ஏத்துற லாரிக்காரருக்கு அது தாங்குமா?

இங்கிலாந்துல பீட்டர்பரோங்கிற ஊர்ல 1932ல ஆரம்பிச்ச கம்பெனி பெர்கின்ஸ். அவங்களோட பி6, ஆறு சிலிண்டர், 4.7 லிட்டர் டீசல் இன்ஜின். இதோட விசேஷம் என்னன்னா, புது லாரிக்கு மட்டும் இல்லாம, ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கிற பெட்ரோல் லாரியில பழைய இன்ஜினை எறக்கிட்டு இதை ஏத்தறதும் அவங்களுக்கு ஒரு பெரிய வியாபாரம். 1950களில் மெட்ராஸ் சிம்ப்சன் கம்பெனி இந்த பி6 இன்ஜினை இங்கேயே செய்ய ஆரம்பிச்சாங்க. அப்புறம் தெற்கத்தி லாரிகளுக்கு 'பெர்கின்ஸ் போட்டாச்சா?'ங்கிறது ஒரு சாதாரண கேள்வி ஆயிருச்சு.

அதாவது இன்ஜின் மாத்தறதுங்கிறது ஏதோ மரத்தடி மெக்கானிக் கண்டுபிடிச்ச திருட்டு வேலை இல்லீங்க. கம்பெனியே கடை போட்டு வித்த சரக்கு.

கம்பெனிக்காரங்களும் இதைத்தான் செஞ்சாங்க

இதை நம்பாதவங்களுக்கு அம்பாசிடர் காரை எடுத்துக்காட்டாச் சொல்லலாம். மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூணாம் வரிசையை வச்சு 1957 வாக்கில் வந்த வண்டி. ஆரம்பத்துல 1,476 சிசி பழைய சைடு வால்வு இன்ஜின். ரெண்டே வருஷத்துல அதை எறக்கிட்டு 1,489 சிசி ஓவர்ஹெட் வால்வு இன்ஜின். 1980 வாக்கில் அதே 1,489 சிசி அளவுல ஒரு டீசல். 37 குதிரைத் திறன்! அந்தக் கனமான உடம்பை இந்த 37 குதிரை இழுத்த கதையை டாக்சி டிரைவர்கள்கிட்ட கேளுங்க. 1990களில் ஜப்பான் இசுசு கம்பெனியோட 1,817 சிசி பெட்ரோல் இன்ஜின், அஞ்சு கியரோட. அப்புறம் இசுசுவோட 1,995 சிசி டீசல். 2014ல உத்தர்பாரா பேக்டரி மூடுற வரைக்கும் உடம்பு அதே உடம்பு, உள்ள இதயம் மட்டும் மாறிக்கிட்டே இருந்துச்சு.

மஹிந்திரா ஜீப்பும் அப்படித்தான். பழைய ஜீப்ல 2,199 சிசி 'ஹரிக்கேன்' பெட்ரோல் இன்ஜின். லிட்டருக்கு ஏழு, எட்டு கிலோமீட்டர் குடுத்தாலே பெருமைப்படலாம். 1973லயும் 1979லயும் பெட்ரோல் விலை எகிறுனதும், அவங்க கையில ஏற்கெனவே இருந்த இன்டர்நேஷனல் டிராக்டர் இன்ஜினை ஜீப்ல ஏத்துனாங்க. 1980களின் நடுவில் பிரான்ஸ் பெஜோ கம்பெனியோட 2,112 சிசி டீசல் வந்து எம்.எம். 540 ஆச்சு.

டாடாவும் விதிவிலக்கு இல்லை. 1988ல வந்த டாடா மொபைல் பிக்கப்புல இருந்த 1,948 சிசி டீசல்தான் 1991ல சியராவுக்கும், 1994ல சுமோவுக்கும் போச்சு. பிற்பாடு 207 டி.ஐ. பிக்கப்புக்கு 407 வரிசையோட 2,956 சிசி இன்ஜினை ஏத்துனாங்க. நம்ம திருவொற்றியூர் என்ஃபீல்டு கம்பெனியே 1990களில் 325 சிசி கிரீவ்ஸ் டீசல் இன்ஜின் போட்டு புல்லட் வித்துச்சே, 'டாரஸ்'னு! பம்புசெட் இன்ஜினை புல்லட்ல மாட்டுற வேலையை மெக்கானிக்குங்களும் செஞ்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க.

பேக்டரியில செஞ்சா 'புது மாடல்', பட்டறையில செஞ்சா 'டுபாக்கூர்'. அவ்வளவுதான் வித்தியாசம் :-)

மட்டாடர் இன்ஜின் ஏன்?

சரி, நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். 1980கள், 90கள். அரசாங்க ஆபீஸ் ஜீப்புங்க, பி.டி.ஓ. ஆபீஸ், பொதுப்பணித்துறைன்னு ஓடித் தேஞ்ச பெட்ரோல் ஜீப்புங்க, 'கண்டம்' ஆகி ஏலத்துக்கு வரும். சல்லிசா எடுக்கலாம். பாவம், அதை எடுத்து என்ன செய்ய? பெட்ரோல் போட்டு மல்லிகைப்பூ மூட்டையும் தக்காளிக் கூடையும் ஏத்துனா வாடகை எண்ணெய்க்கே போயிரும். டீசல் விலை பெட்ரோல் விலையை விட ரொம்பக் குறைவு. அரசாங்கம் வேணும்னே அப்படி வச்சிருந்துச்சு. 2010 ஜூன்ல பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தும் டீசலை விட்டு வச்சாங்க, 2014 அக்டோபர்லதான் டீசலையும் சந்தைக்கு விட்டாங்க. அதுவரைக்கும் இந்த விலை வித்தியாசம்தான் எத்தனையோ பட்டறைகளுக்குச் சோறு போட்டுச்சு.

அப்ப கைக்குக் கெடைச்ச நல்ல டீசல் இன்ஜின் எது? பஜாஜ் டெம்போ கம்பெனியோட மட்டாடர் வேன்ல இருந்தது. அது மெர்சிடிஸ் பென்ஸோட ஓ.எம். 616, நாலு சிலிண்டர், 2.4 லிட்டர். ஜெர்மனியில 240 டி காருக்குப் போட்ட அதே வம்சம். உசிலம்பட்டி பக்கம் தக்காளி ஏத்துன பழைய ஜீப்புக்குள்ள பென்ஸ் இன்ஜின் ஓடியிருக்குன்னு சொன்னா வெளியூர்க்காரன் நம்ப மாட்டான். மட்டாடர் வேனோட தகரம் துருப்பிடிச்சு உதிர்ந்து போயிரும், இன்ஜின் மட்டும் கல்லு மாதிரி நிக்கும். அதனால துருப்பிடிச்ச மட்டாடர்ல இருந்து இன்ஜினை எடுத்து ஜீப்ல வை, அம்பாசிடர்ல வை. ஒரு வண்டி செத்து இன்னொண்ணு பொழைக்கும்.

பட்டறையில என்ன நடக்கும்

இன்ஜினை செயின் பிளாக்குல தூக்கி வச்சு நாலு போல்ட் முடுக்கினா வேலை முடிஞ்சுதுன்னு நெனைச்சுடாதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு மெக்கானிக் அண்ணன் சொல்வார், "தம்பி, இன்ஜின் வைக்கிறது ஒரு நாள் வேலை. அது வச்ச பெறகு வர்ற வேலைதான் ஒரு மாசம்."

முதல்ல உக்கார வைக்கிறது. டீசல் இன்ஜின் கனம் ஜாஸ்தி, உயரமும் வேற. ஆயில் சேம்பர் முன் ஆக்சில்ல இடிக்கும். சேம்பரை வெட்டி ஒட்டணும், இல்லைன்னா இன்ஜினைத் தூக்கி வைக்கணும். தூக்கி வச்சா பானெட் மூடாது. முன் பக்கம் கனம் ஏறுனதால பட்டையில ஒரு இலை கூடப் போடணும்.

ரெண்டாவது, இன்ஜினையும் கியர் பாக்ஸையும் கட்டறது. இதுக்கும் அதுக்கும் ஓட்டை வேற வேற. நடுவுல ஒரு இரும்புத் தட்டு வெட்டி, லேத்துல குடுத்து நடுமையம் பாத்து எடுக்கணும். மயிரிழை மையம் தப்புனா கிளட்ச் உதறும், கியர் பாக்ஸோட முன் பேரிங் போயிரும். மதுரையில நல்ல லேத் ஆளுக்கு எப்பவும் மரியாதை இருந்ததுக்கு இது ஒரு காரணம். இன்ஜின் மாத்துற மெக்கானிக் பேரு வெளிய தெரியும், அந்தத் தட்டைத் திருப்பிக் குடுத்த லேத்காரர் பேரு யாருக்கும் தெரியாது.

மூணாவதுதான் நெறைய பேர் ஏமாந்த இடம். கிரவுன் பினியன். பழைய ஜீப்ல விகிதம் 5.38க்கு 1. அதாவது இன்ஜின் பக்கத்து ஷாப்ட் 5.38 சுத்து சுத்துனா சக்கரம் ஒரு சுத்து. பெட்ரோல் இன்ஜின் நிமிஷத்துக்கு 4,000 சுத்து போகும். சக்கரம் ஒரு சுத்துக்கு சுமாரா 2.2 மீட்டர் நகரும்னு வச்சுக்குங்க. கணக்குப் போட்டா டாப் கியர்ல மணிக்கு 98 கி.மீ. வரும். அதே வண்டியில 2,500 சுத்துலயே மூச்சு வாங்குற டீசலை வச்சா? 61 கி.மீ. அவ்வளவுதான். அதுக்கு மேல மிதிச்சா இன்ஜின் அலறுமே தவிர வண்டி போகாது. வேகம் வேணும்னா கிரவுன் பினியனையும் மாத்தணும். கல்லு மண்ணுல லோடு இழுக்கிறவன் "அறுவது போதும்ணே"ன்னு அப்படியே விட்டுடுவான்.

நாலாவது பிரேக். பெட்ரோல் இன்ஜின் காத்தை இழுக்கும்போது மேனிபோல்டுல ஒரு வெற்றிடம் உண்டாகும். பிரேக் பூஸ்டர் இருக்கிற வண்டியில அந்த வெற்றிடம்தான் உங்க காலுக்குத் துணை. டீசல்ல அந்த மாதிரி வெற்றிடம் கெடையாது. அதுக்குத் தனியா ஒரு வாக்குவம் பம்ப் வேணும், பெரும்பாலும் ஆல்டர்நேட்டர் பின்னாடியே சேர்ந்து வரும். பூஸ்டர் உள்ள வண்டியில இந்த பம்பை மறந்தா, மிதிக்கிற மிதிக்கு வண்டி நிக்காது. பூஸ்டரே இல்லாத பழைய டிரம் பிரேக் வண்டியில இன்னும் கனமான இன்ஜினை வச்சு, மேல ரெண்டு டன் ஏத்துறதைப் பத்தி என்ன சொல்ல? போடி, கம்பம் பக்கத்துல இருந்து ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏத்திக்கிட்டு மலை ஏறுற ஜீப்புகளைப் பாத்திருப்பீங்க. விடியக்காலையில பொம்பளைங்க நெருக்கி அடிச்சு உக்காந்து, கேரளா எல்லையைத் தாண்டிப் போய் சாயங்காலம் எறங்கி வருவாங்க. ஏத்தறதுக்கு இன்ஜின் வேணும், சரி. எறங்கறப்ப அந்தக் கொண்டை ஊசி வளைவுல உசுரைக் காப்பாத்துறது இன்ஜின் இல்லை, பிரேக்.

இன்ஜின் மாத்துனவங்க எல்லாரையும் நான் தலையில தூக்கி வச்சு ஆடல. நல்லா செஞ்சவங்க பிரேக்குல ஆரம்பிச்சாங்க. காசு மிச்சம் பண்ணுனவங்க பிரேக்குல கை வச்சாங்க. ரெண்டு பேரும் நம்ம ஊர்லதான் இருந்தாங்க.

ஒத்தை வயர் காலம்

வயரிங் கதை தனி. போர்க்கால வில்லிஸ் ஜீப் 6 வோல்ட். ஒரு டீசல் இன்ஜினை 6 வோல்ட் செல்ப் வச்சு சுத்த முடியாது. அப்ப பேட்டரி, பல்பு, ஹாரன்னு எல்லாத்தையும் 12 வோல்ட்டுக்கு மாத்தணும். மாரிஸ் வழி வந்த பழைய கார்கள்ல இன்னொரு வம்பு. பேட்டரியோட பாசிட்டிவ்தான் பாடியில எர்த் ஆகியிருக்கும். பழைய டைனமோவுக்கு அது பழக்கம். அதைக் கவனிக்காம ஆல்டர்நேட்டரைக் கொண்டு வந்து மாட்டுனா உள்ள இருக்கிற டையோடு ஒரு நொடியில போயிரும்.

ஆனா இன்ஜினுக்குன்னு பாத்தா வயரே கெடையாதுன்னு சொல்லலாம். அந்தக் காலத்து டீசல்ல ஹீட்டர் பிளக்குக்கு ஒரு வயர், செல்ப்புக்கு ஒரு கனமான வயர், ஆயில் லைட்டுக்கு ஒண்ணு. முடிஞ்சுது. ஓட ஆரம்பிச்ச பெறகு பேட்டரியையே கழட்டிட்டாலும் இன்ஜின் பாட்டுக்கு ஓடும். நிறுத்தறதுக்குக் கூட சாவி இல்லை, ஒரு கம்பியைப் பிடிச்சு இழுக்கணும். டீசலை எவ்வளவு, எப்ப அடிக்கணும்ங்கிற புத்தி முழுக்க பம்புக்குள்ள இரும்பாவே இருந்துச்சு. பம்ப் மெக்கானிக் அதை மேஜையில வச்சு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு வருதுன்னு கண்ணாடிக் குழாயில அளந்து சரி பண்ணுவார். கையால தொட்டுத் திருத்தக்கூடிய புத்தி அது.

அதனாலதான் எந்த வண்டி இன்ஜினையும் எந்த வண்டியிலயும் வைக்க முடிஞ்சுது.

இப்ப என்ன ஆச்சு

2000களில் காமன் ரெயில் டீசல் வந்துச்சு. பழைய நாசில் இருநூறு பார் அளவுல தெளிச்சதை, இது ஆயிரம் பாருக்கு மேல வச்சுத் தெளிக்குது. புகை குறைவு, பலம் ஜாஸ்தி, மைலேஜும் ஜாஸ்தி. பத்து வருஷ ஸ்கார்பியோவோ பொலிரோவோ விபத்துல அடிபட்டு வந்தா, அந்த இன்ஜினைப் பழைய பிக்கப்புக்குள்ள வைக்கலாமேன்னு யாருக்கும் ஆசை வரும். இப்பவும் செய்றாங்க. ஆனா இப்ப இன்ஜினை மட்டும் வாங்குனா அது வெறும் இரும்புக் கட்டி.

ஏன்னா பம்புக்குள்ள இருந்த புத்தி வெளிய வந்து இ.சி.யு.ங்கிற டப்பாவுக்குள்ள போயிருச்சு. கிராங்க் எந்த நிலையில நிக்குது, கேம் எங்க நிக்குது, ரெயில்ல அழுத்தம் எவ்வளவு, தண்ணி எவ்வளவு சூடு, உங்க கால் எவ்வளவு மிதிக்குது, இது எல்லாத்தையும் ஒவ்வொரு சென்சார் வந்து அந்த டப்பாகிட்ட சொல்லணும். ஆக்சிலேட்டருக்குக் கேபிளே கெடையாது, பெடல்லயே ஒரு சென்சார். சாவிக்குள்ள ஒரு சிப். அது சரியான சாவின்னு இம்மொபிலைசர் ஒத்துக்கிட்டாத்தான் டீசலே அடிக்கும். சில வண்டியில மீட்டர் போர்டும் இ.சி.யு.வும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். மீட்டர் இல்லைன்னா அது கோவிச்சுக்கும்.

அதனால இப்ப விவரமான ஆளு செய்யறது என்னன்னா, குடுக்கிற வண்டியை முழுசா வாங்குறது. இன்ஜின், வயரிங் முழுசும் அறுக்காம, இ.சி.யு., பெடல், சாவி, சாவி போடுற பேரல், மீட்டர் எல்லாம் ஒரே வண்டியோடது. கழட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சாக்கெட்லயும் பேப்பர் ஒட்டி எழுதி, போட்டோ எடுத்து வச்சுக்கணும். அப்புறம் ஏ.சி., பவர் விண்டோ, மியூசிக் மாதிரி வேண்டாத வயரை ஒண்ணொண்ணா உருவணும். இன்ஜினுக்கும் அதுக்கும் பொதுவா ஒரு எர்த் இருக்கும், அதை வெட்டுனா ரெண்டு நாள் தலையைப் பிச்சுக்கணும். வண்டி வேகத்தைச் சொல்ற சென்சார் பழைய கியர் பாக்ஸ்ல இருக்காது, அதுக்கு ஒரு ஏற்பாடு செய்யணும். இல்லைன்னா சில இன்ஜின் "ஏதோ கோளாறு"ன்னு முடிவு பண்ணி பலத்தைக் குறைச்சுக்கும். டேங்க்ல இருந்து வர்ற டீசல் பாதை, திரும்பிப் போற பாதை, தண்ணி பிரிக்கிற பில்டர் எல்லாம் புதுசா வேணும். ஆயிரம் பார் அழுத்தத்துல துளி தூசி போனாலும் இன்ஜெக்டர் காலி. ஒரு இன்ஜெக்டர் விலைக்கு அந்தக் காலத்துல மட்டாடர் இன்ஜினையே பிரிச்சுக் கட்டியிருப்பாங்க.

பட்டறையில ஆள் மாறிப்போச்சு, பாத்தீங்களா? முன்னாடி லேத்காரரும் பம்ப்காரரும் முக்கியம். இப்ப லேப்டாப் வச்சிருக்கிற எலக்ட்ரீசியன் தம்பி வந்தாத்தான் வண்டி மூச்சு விடும். அம்பது வருஷ அனுபவம் உள்ள மெக்கானிக் அண்ணன், இருவத்தஞ்சு வயசுப் பையன் ஸ்கிரீனைப் பாத்துச் சொல்றதுக்காகக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறதை நான் பாத்திருக்கேன். அவருக்கு வருத்தம் இல்லை. "நல்லா சொல்றான்ணே பய"ன்னுதான் சொன்னார். எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்துச்சு.

குட்டி யானை வந்த பெறகு

எலக்ட்ரானிக்ஸ் மட்டும் இந்தத் தொழிலைச் சாய்க்கல. 2005ல டாடா ஏஸ் வந்துச்சு, நம்ம 'குட்டி யானை'. ரெண்டு சிலிண்டர், 702 சிசி. இண்டிகா காரோட 1,405 சிசி நாலு சிலிண்டர் இன்ஜினை சரிபாதியா வெட்டுன மாதிரி ஒரு இன்ஜின். (இதுவும் ஒரு வகையில இன்ஜின் மாத்துன கதைதான்!) புது வண்டி, கம்பெனி வாரண்டி, கடனும் கெடைக்குது. மாட்டுத்தாவணிக்கும் பரவைக்கும் காய்கறி ஏத்துற ஆளு கண்டம் ஜீப்பை ஏலம் எடுத்து, மட்டாடர் தேடி, ஒரு மாசம் பட்டறையில நிக்க வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. மாசத் தவணை கட்டுனாப் போதும்.

இது நல்லதா கெட்டதா? பாதுகாப்புன்னு பாத்தா நல்லதுதான். ஆனா முன்னாடி காசு பட்டறைக்கும் லேத்துக்கும் பழைய இரும்புக் கடைக்கும் போச்சு, ஊருக்குள்ளயே சுத்துச்சு. இப்ப தவணையா பைனான்ஸ் கம்பெனிக்குப் போகுது. ஒரு மாசம் சவாரி இல்லைன்னா ஜீப் வீட்டு வாசல்ல நிக்கும். குட்டி யானையை வந்து தூக்கிட்டுப் போயிருவாங்க.

பிரேக் இன்ஸ்பெக்டரும் ஆர்.சி. புக்கும்

கடைசியா சட்டம். மோட்டார் வாகன இன்ஸ்பெக்டருக்கு நம்ம ஊர்ல 'பிரேக் இன்ஸ்பெக்டர்'னு பேரு. 1988 சட்டத்தோட 52வது பிரிவுதான் வண்டியை மாத்தறதைப் பத்திப் பேசுது. அந்தச் சட்டம் முதல்ல வந்தப்ப, என்ன மாத்தப் போறேன்னு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும். ஏழு நாளைக்குள்ள பதில் வரலைன்னா அனுமதி குடுத்த மாதிரின்னே அதுல இருந்துச்சு. டீசல் இன்ஜின் ஏத்தி, ஆர்.சி. புக்குல எழுதி வாங்கி, முறையா எப்.சி. காட்டி ஓட்டுன வண்டிங்க எத்தனையோ உண்டு.

2000ல அந்தப் பிரிவையே மாத்துனாங்க. கம்பெனி முதல்ல சொன்ன விவரத்துக்கு மாறா வண்டி இருக்கக் கூடாதுன்னு ஆச்சு. எரிபொருள் மாத்த, கேஸ் கிட் மாட்டறதுக்கு வழி உண்டு, அனுமதியோட. அதே மேக், அதே வகை இன்ஜினை மாத்திக்கவும் வழி உண்டு. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் ஒரு கேரளா வழக்குல இதையே அழுத்திச் சொல்லிருச்சு. அதே வருஷம் வந்த திருத்தச் சட்டத்துல, அனுமதி இல்லாம மாத்துற உரிமையாளருக்கு ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை ஜெயில், இல்லைன்னா ரெண்டும். 2022 ஏப்ரல்ல இருந்து பதினஞ்சு வருஷம் தாண்டுன வண்டியை மறுபதிவு பண்ற கட்டணமும் ஏறிப்போச்சு.

பாதுகாப்புக்காகன்னு சொல்றாங்க, அதை நான் மறுக்கல. ரோட்டுல போறவனுக்கும் உசுரு இருக்கு. ஆர்.சி.யில ஒரு இன்ஜின் நம்பர், பானெட்டுக்குள்ள வேற நம்பர்னா, விபத்து நடந்த அன்னைக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க நாமளே காரணம் எடுத்துக் குடுத்த மாதிரி. அடிபட்டவன் குடும்பம்தான் கோர்ட்டுக்கு நடக்கும். அதனால சத்தமில்லாம மாத்திக்கிட்டு ஓட்டறதை நியாயப்படுத்த முடியாது.

ஆனா என் கேள்வி வேற. சட்டம் முன்னாடி "மாத்திட்டியா? கொண்டா, பாக்கிறேன்"னு சொல்லுச்சு. இன்ஸ்பெக்டர் வந்து பிரேக் மிதிச்சுப் பாத்து, கையெழுத்துப் போடலாம், போடாமலும் விடலாம். இப்ப "மாத்தாதே"ங்குது. பாக்கிற வேலையே இல்லை. நல்லா பிரேக் மாத்தி ஒழுங்கா செஞ்ச மெக்கானிக்கும், காசுக்காக வாக்குவம் பம்பை விட்டவனும் சட்டத்துக்கு முன்னாடி ஒண்ணாயிட்டாங்க. அப்ப ஒழுங்கா செய்றதுக்கு எவன் மெனக்கெடுவான்?

ஒரு வாசல் மட்டும் தெறந்திருக்கு. பழைய வண்டியில இன்ஜினை எறக்கிட்டு மின்சார மோட்டாரும் பேட்டரியும் வைக்கிறதுக்கு 2016லயே மத்திய அரசு விதி கொண்டு வந்துச்சு. அங்கீகாரம் வாங்குன கிட், அங்கீகாரம் பெற்ற ஆள் மாட்டணும், ஆர்.சி.யில எழுதணும். கரிக்கு மாத்துனோம், டீசலுக்கு மாத்துனோம், இப்ப கரண்டுக்கு. நடுவுல தட்டு வெட்ட லேத்காரர் வேணும், கனத்துக்கு ஏத்தபடி பட்டை போட ஆள் வேணும், வயர் இழுக்க எலக்ட்ரீசியன் தம்பி வேணும். எல்லாரும் இன்னும் மதுரையில இருக்காங்க. புதூர்லயும் கப்பலூர்லயும் தொழிற்பேட்டை இருக்கு. கிட்டோட விலையும் அந்த அங்கீகாரம் வாங்குற செலவும்தான் சின்னப் பட்டறைக்கு எட்டாத தூரத்துல இருக்கு. நாலு பட்டறை சேந்து ஒரு அங்கீகாரம் வாங்குற மாதிரி வழி பண்ணுனா, இந்தக் கைவேலை இன்னொரு தலைமுறைக்கு ஓடும். இல்லைன்னா, மையம் பாத்துத் தட்டு திருப்பத் தெரிஞ்ச கடைசி ஆளும் லேத்தை எடைக்குப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிருவார்.

உங்க ஊர்ப் பக்கம் இந்த மாதிரி வேற என்னென்ன இன்ஜின் எது எதுல ஏறுச்சுன்னு தெரிஞ்சா எழுதுங்க மக்கா. குறிப்பா கோயமுத்தூர், நாகர்கோவில்காரங்க. அங்க இதை விட விவகாரமான கதை எல்லாம் இருக்கும்னு எனக்குத் தெரியும் :-)